காய்ந்த வண்டிக்கு ஈரக் கழிவு

சேரங்கோடு
14.2.1982

அன்பு மகள் சின்னம்மைக்கு,

ஒன்பது நாள் அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைத்த என் விளையாட்டு வண்டிக்கு, ஈரக் கழிவு என்று சொல்லி இருபது கிராம் வெட்டினான் பரமசிவன். அதை எழுதிவிட்டுத்தான் உன் நலம் கேட்க என் கை ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அட்டனில் சுகமா, பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து பதில் வந்ததா? நானும் அம்மாவும் சுகம்தான், அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

எங்கள் ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் சகாயம் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்து, தொழிலாளர் கிளப்பில் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தான். நீள மேசையில் சாக்பீஸால் கட்டம் போட்ட பாதை, அதில் உள்ளங்கையளவு பீரங்கி வண்டிகள். தாயம் உருட்டி விழுகிற எண்ணுக்கு ஓட்ட வேண்டும், ஆறு விழுந்தால் முன்னால் போகிற வண்டியைச் சுடலாம், சுடுபட்டது மூன்று கட்டம் பின்னால் போகும். வண்டியை அவரவரே செய்ய வேண்டும், இருநூறு கிராமுக்குக் குறையக் கூடாது. நான் தேயிலைப் பெட்டித் தகரத்தை வெட்டி உடம்பு செய்தேன், உள்ளே ஈயத்தாளை மடித்து வைத்தேன், குடைக்கம்பியில் இரண்டு துப்பாக்கி, ரப்பர் செருப்பில் சக்கரம். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கினபோது மண்டபம் முகாமில் சனங்களின் டிரங்குப் பெட்டிக்கெல்லாம் பெயர் எழுதினேனே, அதே பிரஷ்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் முகாமில் கொடுத்த நம் குடும்பக் கார்டு நம்பரை வெள்ளையில் எழுதினேன். வேறு நம்பர் எனக்கு ஏது?

கொழுந்து நிறுக்கிற பரமசிவனையே வண்டி நிறுக்கவும் உட்காரவைத்துவிட்டார்கள். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. பழகின கை, நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிவிட்டு, "பெயிண்டு காயலீங்கண்ணா, கழிவு போக அவ்வளவுதானுங்க" என்றான். அங்கே கணக்கப்பிள்ளை கொழுந்து ஈரம் என்று உன் கூடை நிறையில் வெட்டியது நினைவு வந்தது. வண்டியை என் வெள்ளை வேட்டியில் அழுத்தித் தேய்த்துக் காட்டினேன், ஒரு பொட்டுச் சிவப்பு ஒட்டவில்லை. அப்போதும் எழுதினதை அடிக்க மாட்டேன் என்றான். அப்படியானால் பதினோரு வண்டிக்கும் கழி, இல்லாவிட்டால் நான் மேசையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுகொண்டேன். வீம்புக்குக் கழித்தான். ஏழு வண்டி நிறை போதாமல் வெளியே போயிற்று, அதில் ஒன்று அவனுடையது! கிளப்பே இரைந்தது. பக்கத்து லயத்தில் இருக்கிற, கொழுந்து பறிக்கிற ஆண்டாயி ஜன்னலில் தலையை நீட்டி, "வண்டிக்கே இருவதுன்னா எங்க கூடையில எத்தனை கிலோ போச்சுதோ, சாமி!" என்றாள். பந்தயம் பார்க்க வந்திருந்த மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்த பொருளுக்குக் கழிவு கிடையாது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். வெளியே போன வண்டியெல்லாம் திரும்ப மேசைக்கு வந்தது.

பந்தயத்தில் கடைசிச் சுற்றுவரை பரமசிவன் வண்டிதான் முன்னால். எனக்கு ஆறு விழுந்தது. சுட்டேன், அவன் மூன்று கட்டம் பின்னால் போனான், நான் கோட்டைத் தாண்டினேன். கிளப் பலகையில் தங்கையா என்று எழுதியிருக்கிறது, எழுதினதும் நானே. அதைவிடப் பெரிது திங்கட்கிழமை நடந்தது. வெயில் ஏறிக் கொழுந்தில் பனி காய்ந்த பிறகு ஆண்டாயி கூடையைத் தராசில் வைத்து, "தொரை சொன்னது வண்டிக்கு மட்டுமா தம்பி?" என்றாள். வெட்டாமல் முழு நிறையும் எழுதினான் பரமசிவன்.

ஆனாலும் புதன்கிழமை இரண்டு கூடையில் பழைய புத்தியைக் காட்டியிருக்கிறான். அதனால் இனி நடக்க வேண்டியது இது. மேனேஜர் வாயால் சொன்னதை எழுதி, கொழுந்துக் கொட்டகையில் ஒட்ட வேண்டும். பரமசிவன் அந்த இரண்டு கூடையையும் திருத்தி எழுத வேண்டும். சகாயம் அடுத்த பந்தயத்துக்கு வேறு ஆளைத் தராசில் உட்காரவைக்க வேண்டும். உன் அம்மா வண்டியைச் சாமி படத்தடியில் வைத்துத் திருநீறு பூசுவதை நிறுத்த வேண்டும், பெயிண்ட் மங்குகிறது. மாப்பிள்ளை பாஸ்போர்ட் ஆபீசுக்கு மாதம் ஒருமுறை நேரில் போக வேண்டும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருந்து, இங்கே எங்களிடம் வந்து சேருங்கள். அதுவரை நீ, அங்கே காய்ந்த கொழுந்துக்கு எவன் ஈரக் கழிவு எழுதினாலும், ஒரு வெள்ளைத் துணியை விரித்து, எல்லார் முன்னாலும் கூடையை அதில் கொட்டிக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
சி. தங்கையா