ஐந்து எண்ணும் வரை

தம்பி,

மொட்டைமாடியில் சவுக்குக்கரி பற்றிக்கொண்டதும் உன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் வாசனை வந்தது. நீ பாதியாய் அறுத்துக் கால் வைத்த டிரம்மை நாலு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வெளியே இழுத்தேன். ஆட்டுத் தொடையில் உப்பு மட்டும் தேய்த்திருக்கிறேன். இப்போது அது வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தான்சானியாவில் இரும்பாலை வேலையை முடித்து நீ கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, ஆரணியிலிருந்து வந்திருந்த மாமா டிரம்மை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, அந்த ஊர்ல மொளகாத்தூளே கெடைக்காதா?"

"கெட்டுப்போன கறிய மறைக்கத்தான் மாமா மசாலா. இது காலைல அறுத்த ஆடு."

"சரி, எப்பத்தான் போடுவ? பசில உசுரு போவுது."

நீ கங்குக்கு மேல் உள்ளங்கையை நீட்டி அந்த ஊர் மொழியில் எண்ணினாய். மோஜா, ம்பிலி, தாத்து. மூன்றில் கை சுட்டது. இறைச்சியை வைக்கவில்லை.

"அஞ்சு வரிக்கும் கை தாங்கணும்க்கா. அதுக்கு முன்ன வெச்சா மேல கருகிடும், உள்ள ரத்தம் நிக்கும்."

கங்கு தணிய அரைமணி, கறி வேக இரண்டு மணி நேரம். மாமா கோபித்துக்கொண்டு போய் பரோட்டா தின்றுவிட்டு வந்தார். வந்தவர், நீ பலகையில் வெட்டி வைத்ததில் பாதியை அவரே முடித்தார்.

இன்று கரி பற்றிய நேரத்தில் இங்கே நீ சேர்ந்த இரும்பாலைக் கம்பெனியிலிருந்து ஒருவர் மாடிக்கே ஏறி வந்தார். உன் சாவைப் பற்றிய தாளில், அம்மா அப்பா இல்லாத உனக்கு நான்தானே கையெழுத்துப் போட வேண்டும். தாளைப் படித்தேன். உலை ஆறுவதற்கு முன், யாரும் சொல்லாமல், அவசரப்பட்டு நீயாகவே உள்ளே இறங்கினாயாம்.

இருபது வருடமாகக் கல்லூரியில் விடைத்தாள் திருத்துகிறேன். யாரோ சொல்லிக்கொடுத்து எழுதிய பதில் எனக்குத் தெரியும். அன்று காலை போனில் நீ சொன்னதும் மறக்கவில்லை. "இன்னும் ஆறலன்னு ரெண்டு வாட்டி சொல்ட்டேன்க்கா. எறங்கு எறங்குன்னு ஒரே பேஜாரு பண்றாங்க."

உன் மேலும் எனக்குக் கோபம்தான். மாமாவின் பசிக்கு மசியாதவன் அந்த அதட்டலுக்கு ஏன் இறங்கினாய்? மூன்றாவது வாட்டியும் சொல்லியிருக்கக் கூடாதா?

"மேடம், சீக்கிரம் போட்டுட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன்," என்றார் வந்தவர்.

"இது மேல கைய நீட்டுங்க சார்."

விளையாட்டு என்று நினைத்துக் கங்குக்கு மேல் நீட்டினார். இரண்டு எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒரு தொடைக் கறிக்கே அஞ்சு எண்ற வரைக்கும் நின்னவன் சார் என் தம்பி. அவசரம் யாருக்கு இருந்துச்சுன்னு எழுதி எடுத்துனு வாங்க. அப்பப் போடறேன்."

தாளை மடித்துக்கொண்டு படியிறங்கினார். திரும்ப வருவார், இன்னும் பெரிய ஆளோடு. வரட்டும்.

கங்கில் சாம்பல் பூத்ததும் கையை நீட்டினேன். மோஜா, ம்பிலி, தாத்து, நே, தானோ. எண்ணிக்கை தப்பவில்லை. அதற்குப் பிறகுதான் தொடையை வைத்தேன்.

அக்கா