மூன்று ஓலை

எதிர்வீட்டுச் சீனர் காலையிலிருந்து வாசல் கம்பிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். தின்னர் வாடை தாழ்வாரம் முழுக்க நிற்கிறது. சன்னலைச் சாத்தப் போனவன், சாத்தாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகூட உன் விரலிடுக்கில் இந்த வாடைதான் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிடும். "பூசைக்குப் போற கை நாறலாமாடா?" என்பாய். உனக்குப் பக்தி அவ்வளவு. அந்தப் பக்திதான் நம்மைக் கெடுத்தது.

நீ போய் இருபத்தொன்பது நாளாகிறது. நாளைக்கு உன் முப்பதாம் நாள் பூசை. நான் வரப்போவதில்லை.

ஜூரோங் கப்பல் பட்டறையில் நீ பெயிண்டர், நான் வெல்டர். சிராங்கூன் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறும் இடத்தில்தான் பழக்கம். பஃபலோ ரோட்டில் மளிகைக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தோம். கடைக்காரரின் மனைவி, "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கீங்க, கண்ணு படப் போவுது" என்பார். மாடிப்படி ஏறும்வரை சிரிப்பை அடக்கிக்கொள்வோம். இரண்டு வருஷம் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வாழ்ந்தோம். யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று எவனாவது கேட்டிருந்தால் இருவருமே முழித்திருப்போம். நீ ரசம் வைப்பாய், நான் துணி துவைப்பேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகத் தூங்கியது அந்த இரண்டு வருஷம்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாய். வழக்கமாகக் கோபம், பொய் என்று சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு வருபவன், அன்றைக்கு நம்மைச் சொல்லிவிட்டு வந்தாய். அறைக்கு வந்தும் உட்காரவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாய்.

"ஃபாதர் திட்டவே இல்லடா. ரொம்ப அன்பா பேசினாரு. இது ஒரு சீக்கு மாதிரியாம். நல்ல பொண்ணா பாத்துக் கட்டிக்கிட்டா தானா சரியாப் போயிடும்னாரு."

"அப்ப நான்?"

"நீயும் ஒரு தடவ போய் பேசிப் பாரேன்லா."

அவர் திட்டியிருந்தால் உனக்கு ரோஷம் வந்திருக்கும். காறித் துப்பியிருந்தால்கூட நீ என்னிடம் திரும்பி வந்திருப்பாய். மனுஷன் அன்பாகப் பேசியே அறுத்துவிட்டார்.

பெண்ணும் கோயிலிலேயே கிடைத்தாள். பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பிலோமினா. நீ அறையைக் காலி செய்துகொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனாய். இரண்டே மாதத்தில் ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்களே, அதுதான். முதல் ஓலையை நானும் பூசையில் நின்று கேட்டேன். தடை ஏதாவது அறிந்தவர்களாம்! வாசித்தவருக்கே தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விடக்கூடாது, அது அவருடைய சட்டம், சரி. போய்க் கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லச் சொன்னது எந்தச் சட்டம்?

ஆனால் என் வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லை. வெளியே தெரிந்தால் போலீஸ், வேலை போகும், எல்லாம் உண்டுதான். இருந்தாலும் சொல்லிவிடுவது என்று இரண்டாம் ஓலை வாசித்த அன்று ஃபாதரின் பங்களாவுக்குப் போனேன். உன்னிடம் இதுவரை சொல்லாத கதை இது, கேட்டால் சிரிப்பாய். கதவைத் திறந்தவர், "என்னப்பா?" என்றார். "பூசைக் கருத்து எழுத வந்தேன் ஃபாதர், ஒருத்தருக்காக வேண்டிக்கணும்." "யாருக்கு? இறந்தவங்களுக்கா?" ஆமாம் என்று தலையாட்டி, ஊரில் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்த என் சித்தப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறு ஞாயிறு சித்தப்பாவின் ஆன்மா இளைப்பாற நீயும்தான் முட்டி போட்டாய்.

அன்றைக்குத்தான் மூன்றாம் ஓலை. பூசைக்கு முன், மாதா சுரூபம் வைத்த கெபி பக்கத்தில் என்னை மடக்கினாய்.

"பங்களாவுக்குப் போனியாமே. வாயைத் தெறந்துடாதடா. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"நான் வேணாமா உனக்கு?"

"வேணும். ஆனா கோயில் இல்லாம என்னால இருக்க முடியாதுலா. வெளிய தள்ளிட்டாங்கன்னா நான் செத்துப் போயிடுவேன்."

"போ. உன் கோயிலையே கட்டிக்கிட்டு அழு" என்றேன். பிறகு கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று மூன்றாம் ஓலையையும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அதோடு கோயிலுக்குப் போவதை விட்டேன். உன்னை அவர்கள் வெளியே தள்ளவில்லை. நான் போனதை யாரும் கவனிக்கவுமில்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரே கம்பெனி பஸ். நீ முன்னால், நான் பின்னால். "சாப்டியா?" "ம்." அவ்வளவுதான் நம் குடித்தனம். நீ குடிக்க ஆரம்பித்ததும், முகம் ஊதியதும், கண் மஞ்சளானதும் எல்லாம் பஸ்ஸில் இருந்தே பார்த்தேன். ஒரு நாள் உன் இருக்கை காலியாக இருந்தது. ஈரல் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். நான் வரவில்லை. எந்த உறவைச் சொல்லி வருவது?

அடக்கத்துக்கு மட்டும் வந்தேன். சுவா சூ காங் கல்லறையில் நல்ல வெயில். அதே ஃபாதர், தலை நரைத்திருந்தார். நல்ல கணவர், பங்கின் முன்மாதிரி என்று உன்னைப் புகழ்ந்தார். குடும்பத்தார் வரிசையாக மண் போட்டார்கள். நான் கடைசியில், பட்டறை ஆட்களோடு நின்றிருந்தேன்.

பிலோமினா வரிசையை விட்டு நேரே என்னிடம் வந்தாள். அவள் கையில் இருந்த மண்ணில் பாதியை என் கையில் போட்டாள். "நீங்களும் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் சொல்லிட்டாரு. பன்னெண்டு வருஷமா என்கிட்டதான் ஏதோ குறைன்னு நெனச்சு, நான் முட்டி போடாத மாதா கெபி இல்ல. மூணு வாரம் ஓலை வாசிச்சாங்கல்ல அண்ணே. நீங்க தூணுகிட்ட நின்னீங்க, நான் பாத்தேன். ஒரு வாரமாச்சும் வாயைத் தெறந்திருக்கலாம்லா?"

அந்தக் கேள்வியோடுதான் இருபத்தொன்பது நாளாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஃபாதர் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு, உன் மேலும் உண்டு, செத்தாலும் தீராது. ஆனால் உனக்காக வாயை மூடினேன், அதுதான் பெரிய தியாகம் என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெண்ணுக்காகத் திறக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறும் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஃபாதருக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் மூன்று பேரும் ஒரே கட்சி.

அவளுக்குப் பதில் எழுதத்தான் காலையில் தாளை எடுத்தேன். பார், இப்போதும் உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.