இட்லி அவித்தவள் எழுதுகிறேன்

என் பிரியமான மாலா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க எனக்குப் பயமாக இருக்கிறது. நம் லேபர் கேம்ப் குடியிருப்பின் மகளிர் மன்றக் கூட்டத்தில் என் வாழ்க்கைக் கதையை நானே வாசிக்க வேண்டுமாம். முன்வரிசையில் உங்கள் தம்பியும் உட்கார்ந்திருப்பார். நான் என்ன செய்ய, சொல்லுங்கள்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு எனக்கு நெஞ்சு படபடப்பு வந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தாலே உடம்பு தூக்கிப்போடும். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நம் மாலாதான், "மனசுல கெடக்கத எழுதேம்மா, டென்ஷன் போயிரும்" என்றாள். எழுத உட்கார்ந்த பிறகு படபடப்பு குறைந்தது. பசிக்கக்கூடச் செய்தது.

முதல் பக்கத்தை மாலா எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் தமிழ் வாசிப்புதான் உங்களுக்குத் தெரியுமே. 'அவர் பம்பாய்க்கு வந்தார். அவர் மாஹிமில் இட்லி விற்றார். அவர் வீடு கட்டினார்.' பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அரே, இது அப்பா ஸ்டோரில்லா! இட்லி அவிச்சது யாரு? நீ இதுல எங்கம்மா இருக்க?"

அந்தப் பக்கத்தை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். என் கதையில் நான் எங்கே போனேன்? மறுபடி எழுதினேன். மாவாட்டியதை, ஆவியில் கை வெந்ததை, மாலா வயிற்றில் இருக்கும்போதும் இட்லிக் கொப்பரையை இறக்கியதை. எழுத எழுத, நானும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். மாலா அதை மகளிர் மன்றத்தில் காட்ட, கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் விஷயம் உங்கள் தம்பி காதுக்குப் போய்விட்டது. "அண்ணன் சம்பாத்தியத்துல தின்னவ, இப்ப தன் கதைன்னு எழுதுதாளாம்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் என் காதுபடவே சொன்னார். அதிலிருந்து எழுதியதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என்னைச் சேர்த்ததில் உங்களைக் குறைத்துவிட்டேனா? நீங்கள் இருந்திருந்தால் கோபப்படுவீர்களா, சிரிப்பீர்களா?

இன்னொரு பயமும் இருக்கிறது. கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயந்து ஒருநாளும் நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்தும் போய்விட்டீர்களே.

பயம் போகவில்லை. ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். குரல் நடுங்கினாலும் உங்கள் தம்பியைப் பார்த்துக்கொண்டே முதல் வரியை வாசிப்பேன்: 'இட்லி அவித்தது நான். விற்றவர் என் புருஷன் சுடலைமுத்து.'

உங்கள் வீட்டுக்காரி,
செல்லத்தாய்