அப்பா இறங்குற பக்கம்

சேசு மரி சூசை துணை

அந்தோணியார்புரம்,
திருச்சி.
9-3-83

அன்பு மகன் அமிர்தராஜுக்கு அம்மா எழுதுறது. பம்பாயில நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், அந்த நெஞ்சுச் சளி விட்டுப் போயிருக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். இங்க எல்லாரும் நல்ல சுகம்னு எழுதித்தான் எப்பவும் ஆரம்பிப்பேன், இன்னிக்கு அதை எழுதக் கை வரல. உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்ல, பயந்துராதே, ஆனா மனசு ஒரு நிலையில இல்ல, அதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது. தென்னூர்ல உங்கக்கா ரோசரி நல்லா இருக்கா, குட்டிக்குப் பல்லு முளைச்சிருச்சு, யார் தூக்கினாலும் கடிக்குது, மாப்பிள்ளைக்குப் பரீட்சை வேலை அதிகம்னு ஞாயித்துக்கிழமை கூட இந்தப் பக்கம் வர்றதில்ல. தபசுகாலம் நடக்குது, வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது, நீயும் அதைக் கடைப்பிடி, ஓட்டல்ல சாப்பிடுறவனுக்கு என்ன தபசுன்னு இருந்துராதே. வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது, குழாயில தண்ணி ஒரு நாள் வந்தா ஒரு நாள் வர்றதில்ல.

இதெல்லாம் இருக்கட்டும், நான் எழுத வந்தது உங்கப்பாவைப் பத்தி. நம்ம காலனி வண்டி நிக்கிற ரயில்வே ஆல்ட்டுலேர்ந்து அவர் தினமும் உயிரோட வீடு வந்து சேருவாரான்னு எனக்குப் பயமா இருக்கு. பொம்பளைங்க எப்பவும் இப்படித்தான்னு மடிச்சு வச்சுராதே, கடைசி வரைக்கும் படி.

ஆல்ட்டு எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா. பிளாட்பாரம் அந்தப் பக்கம், நம்ம காலனி இந்தப் பக்கம். பிளாட்பாரத்துல இறங்கினா ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்து, கேட்டு மூடியிருந்தா காத்துக் கிடந்து, சுத்திக்கிட்டு வரணும். அதனால சாயந்தரம் ரயில்வே ஒர்க்ஷாப் வண்டி வந்து நின்னா காலனி ஆம்பளைங்க அத்தனை பேரும் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஜல்லியில குதிச்சு, ரெண்டாவது லைனைத் தாண்டி, வேலி ஓட்டையில குனிஞ்சு வீட்டுக்கு வந்துருவாங்க. நீயும் ஸ்கூல் விட்டு அப்படித்தான் வந்தே, நான் விளக்கமாத்தோட நின்னதும் உண்டு. முந்தின வருஷம் ஐப்பசி மழையில அடுத்த தெரு தைரியராஜ் அண்ணன் போனது அப்படித்தான். குடையைப் பிரிச்சுக்கிட்டே இறங்கினாரு, ரெண்டாவது லைன்ல வந்த வண்டியைப் பாக்கல. அன்னியிலேர்ந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் இறங்குறதில்ல, முணுமுணுத்துக்கிட்டே பிளாட்பாரத்துல இறங்கி கேட்டைச் சுத்தித்தான் வர்றாங்க. உங்கப்பாவும் சுத்தித்தான் வந்தாரு. நீ கிறிஸ்மஸ் லீவு முடிஞ்சு பம்பாய்க்குப் போன மறு வாரத்துலேர்ந்து திரும்பவும் இந்தப் பக்கம் இறங்க ஆரம்பிச்சுட்டாரு. அத்தனை பேர்ல இவர் ஒருத்தர்தான்.

இதுல இன்னொண்ணு இருக்கு, அவருக்குக் காது போயிருச்சு அமிர்து. கொஞ்சம் மந்தம்னுதானே உனக்குத் தெரியும், இப்ப சுத்தமா போயிருச்சு. பாய்லருக்குள்ள உக்காந்து வருஷக்கணக்கா ரிவெட் ஆணி அடிச்ச காது, எவ்வளவுதான் தாங்கும். போன தடவை ரோசரி வந்திருந்தப்ப குட்டி தொட்டில்ல வீல்னு கத்துது, இவர் பக்கத்துலேயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. பூசையில பக்கத்துல நிக்கிறவங்க முட்டி போட்டா இவரும் முட்டி போடுறாரு, அவங்க எந்திரிச்சா இவரும் எந்திரிக்கிறாரு. நான் கத்தினா காலனிக்கே கேக்குது, கேக்க வேண்டிய மனுசனுக்குக் கேக்கல. ஒர்க்ஷாப்ல தெரிஞ்சா வேற எங்கயாவது ஓரமா உக்கார வச்சுருவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. கூட வேலை பாக்குற இன்னாசிராஜ் அண்ணனுக்கு மட்டும் தெரியும். இவர் தனியா இந்தப் பக்கம் இறங்குறாரேன்னு மனசு கேக்காம அவரும் கூடவே இறங்கி, இவர் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு வருவாரு. கூட்டாளிங்க தோள்ல கை போட்டு வர்றாங்கன்னு நான் நினைச்சேன், வண்டிச் சத்தம் கேட்டா தோளை அமுக்கி நிறுத்துறதுக்காம் அது. போன மாசக் கடைசியில இன்னாசி அண்ணன் ரிட்டயர்டு ஆயிட்டாரு, மாலை போட்டு மேளம் வச்சுக் கொண்டாந்து விட்டாங்க. அந்த மாலையைக் கழட்டி வச்சுட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்து அடுப்படி வாசல்ல நின்னு அழுதாரு. இனிமே நான் கூட வர முடியாது தங்கச்சி, அவனை லைன் பக்கம் இறங்க விடாதே, நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அவன் சிரிக்கிறான்னாரு.

நான் சும்மா விடுவேனா. ஏன் லைன் பக்கம் இறங்குறீங்கன்னு முகத்துக்கு நேரா கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். முட்டி வலிக்குது, சுத்தி நடக்க முடியலைன்னாரு. முட்டி வலிக்கிற மனுசன் உசரத்துலேர்ந்து ஜல்லியில குதிப்பாரான்னு கேட்டேன், அது மட்டும் அவருக்குப் புரியல, காது கேக்காதது சில நேரத்துல அவருக்கு நல்ல வசதியா இருக்கு. பக்கத்து வீட்டு வேலம்மாள் சமயபுரம் பூச்சொரிதலுக்குப் போறேன், அண்ணன் காதுக்கு வேண்டிக்கவான்னு கேட்டா. காதுக்கு வேணாம் தாயி, புத்திக்கு வேண்டிக்கன்னு சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் போன வாரம் ரோசரி வீட்டுக்குப் போக டிக்கெட் எடுக்க நின்னப்ப, டிக்கெட் குடுக்குற சேக் மைதீன் பாய் கூட்டம் போகட்டும்னு இருந்துட்டு என்னைக் கூப்பிட்டாரு. அம்மா, ஐயா இறங்கினவுடனே லைனைத் தாண்டுறதில்ல, வண்டி கிளம்பிப் போன பின்னாடியும் அங்கேயே நிக்கிறாரு, வேற வண்டி வருதான்னு பாக்குற மாதிரி நிக்கிறாரு, எனக்கு அது நல்லதாப் படலைன்னாரு. நல்லதாப் படலைன்னா என்ன பாய், உடைச்சுச் சொல்லுங்கன்னேன். அல்லா காப்பாத்துவான், நீங்க வந்து ஐயாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ரோசரி வீட்டுக்குப் போகாம திரும்பி வந்துட்டேன்.

அது போதாதுன்னு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு தைரியராஜ் அண்ணன் மகன் பிலோமின்ராஜ் வந்து பேசினான். அவங்கப்பா சர்வீஸ்ல செத்ததால அவனுக்கு ஒர்க்ஷாப்ல வேலை குடுத்ததுதான் உனக்குத் தெரியுமே. பெரியப்பா என்மேல ரொம்ப அக்கறையா இருக்காங்க பெரியம்மா, எந்த ஆபீசரைப் பாத்தீங்க, வேலை வர எத்தனை மாசம் ஆச்சு, மகன் வெளியூர்ல இருந்தாலும் குடுப்பாங்களான்னு எல்லாம் கேட்டாங்கன்னு வெள்ளந்தியா சொல்லிட்டுப் போறான். நான் கோயில் வாசல்லயே உக்காந்துட்டேன். உங்கப்பாவுக்கு வர்ற வருஷம் ரிட்டயர்மென்ட்டு, அதுக்கு அப்புறம் செத்தா யாருக்கும் வேலை கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை பாஸ்குப் பண்டிகைக்கு முன்னாடி மட்டும் சாமியார்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ற மனுசன் இப்ப சனிக்கிழமை தவறாம போய் நிக்கிறாரு. தபசுகாலத்து பக்தின்னு ஊரு மெச்சுது. எனக்குத்தான் ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது.

நேத்து நடந்ததைச் சொல்றேன், கேளு. நான் சாயந்தர வேலையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போய் வேலி ஓட்டைகிட்ட நின்னேன். இந்த வயசுல புருசனை வரவேக்கப் போறியா லூர்துன்னு காலனிப் பொம்பளைங்க கேலி பண்ணிட்டுப் போனாளுங்க, ஆமாடி போறேன்னு சொன்னேன். ஒர்க்ஷாப் வண்டி வந்து நின்னுச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் இறங்குற சத்தம் கேக்குது, இந்தப் பக்கம் ஒரே ஒரு கதவு திறந்து உங்கப்பா டிபன் கேரியரோட இறங்கினாரு. அப்ப தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து ரெண்டாவது லைன்ல ஒரு டீசல் எஞ்சின் பெட்டி ஒண்ணும் இல்லாம வெறுமனே வருது. ஆரன் அடிச்சுக்கிட்டே வருது. நான் தொண்டை கிழியக் கத்துறேன், கத்தி என்ன பிரயோசனம். ஆனா அமிர்து, அவர் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கல. காது கேக்காம மாட்டிக்கிட்டாருன்னு சொல்ல முடியாது. திரும்பி எஞ்சினை நேராப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. டிபன் கேரியரை ஜல்லி மேல ஓரமா இறக்கி வச்சாரு, யாரோ எடுத்துட்டு வந்து குடுக்கட்டும்ங்கிற மாதிரி. ஒரு கால் எடுத்துத் தண்டவாளத்துக்குள்ள வச்சாரு. அப்புறந்தான் வேலி ஓரத்துல என்னைப் பாத்தாரு. பாத்த உடனே அந்தக் காலைப் பின்னாடி எடுத்தாரு, எஞ்சின் எனக்கும் அவருக்கும் நடுவுல போச்சு. அது போய் முடியிற வரைக்கும் நான் அந்தப் பக்கம் பாக்கல, கண்ணை மூடி அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சேன். கண்ணைத் திறந்தா கேரியரை எடுத்துக்கிட்டு வர்றாரு. நீ ஏன் இங்க வந்தே, இனிமே வராதேன்னு கோவிச்சாரு. எஞ்சினைப் பாக்கலடின்னு ஒரு பொய்யாவது சொல்வாருன்னு எதிர்பாத்தேன், சொல்லல. வர்ற வழியில குழாயடி தாண்டினதும் தானா பேசினாரு. அமிர்துக்குக் கையெழுத்து நல்லா இருக்கும், அவனைக் கிளார்க்கு வேலைக்கே எடுத்துக்குவாங்கன்னாரு.

இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ கேப்பே. நான் உன்னைக் குத்திக் காட்ட எழுதல. ஆமா, குத்திக் காட்டத்தான் எழுதுறேன், வேற யாரைக் குத்துறது. லீவு முடிஞ்சு நீ பம்பாய்க்குத் திரும்பக் கிளம்பின அன்னிக்கு ஆல்ட்டுல நாம மூணு பேரும் நின்னோம். இங்க நிலையா ஒரு வேலை இல்லாம போற கோவத்துல நீ சொன்னே, பிலோமினுக்கு அவங்கப்பா செத்தாவது ஒரு வேலை குடுத்துட்டுப் போனாரு, நீங்க எனக்கு என்ன செஞ்சீங்கன்னு. எஞ்சின் இரைச்சல்ல அவருக்கு அது கேக்கல. என்னப்பா சொன்னேன்னு காதுகிட்ட கையை வச்சு உன் பக்கம் குனிஞ்சாரு. அத்தோட விட்டிருக்கலாம்ல ராசா. நீ அவர் காதுகிட்ட போய் அதையே திரும்பக் கத்திச் சொன்னே. பிளாட்பாரத்துல நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீ மனசுல வச்சுச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும், வண்டி ஏறின உடனே நீயே மறந்திருப்பே. அவர் மறக்கல. என்ன சொன்னாலும் காதுல விழாத மனுசனுக்கு அது மட்டும் நல்லா விழுந்துருச்சு.

இப்ப நான் சொல்றதைச் செய். நான் சொல்லி அவர் நிக்க மாட்டாரு, இன்னாசி அண்ணன் சொல்லியும் நிக்கல. நீ ஆரம்பிச்சதை நீதான் முடிக்கணும். எனக்கு இங்க கம்பெனியில பெர்மனென்ட் வேலை கிடைச்சிருச்சு, ரயில்வே வேலை எனக்கு வேணாம், குடுத்தாலும் வர மாட்டேன்னு அப்பா பேருக்கு ஒரு தந்தி அடி. இன்னும் பெர்மனென்ட் ஆகலைன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் அடி. உன்னைப் பொய் சொல்லாம வளத்தவ நான், நானே கேக்குறேன், அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். லெட்டர் எழுதலாம்னு உக்காந்துராதே, லெட்டர் வந்து சேர நாளாகும். அதுக்கப்புறம் எப்படியாவது லீவு கேட்டுப் பாஸ்குக்கு வா, வந்து அவர் கையைப் பிடி, ஒண்ணும் பேச வேணாம். அவர் வராதேன்னாலும் நான் தினமும் சாயந்தரம் வேலிகிட்ட போய் நிக்கத்தான் போறேன், ஆனா காச்சல் தலைவலின்னு ஒரு நாள் நான் படுத்துட்டா அன்னிக்கு யார் நிப்பா.

சர்வேசுரன் உன்னைக் காப்பாத்துவாரு, உன் கை வேலை வீண் போகாது, மாதா உன்னைத் தன் முந்தானையில வச்சுக்குவா. குளிர்ந்த தண்ணி குடிக்காதே, நெஞ்சுக்கு ஆகாது. ராத்திரி செபம் சொல்றப்ப அப்பா பேரை முதல்ல சொல்லு.

இதை வாசிச்ச கையோட எந்திரிச்சு போஸ்ட் ஆபீசுக்குப் போயிரு அய்யா. இங்கேர்ந்து உனக்கு ஒரு தந்தி வர்றதுக்குள்ள உன் தந்தி இங்க வந்து சேந்துரணும்.

உன் அம்மா,
பா. லூர்துராணி