சேமிக்காத நாற்பது விநாடி

இல்லை, யாரும் அணைக்கவில்லை. பதினோரு நாளாக எரிந்துகொண்டே இருந்தது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், அந்தப் பெடலின் சிவப்பு விளக்கு.

உன் அம்மா நேற்று போன் செய்து அதைப் பற்றித்தான் கேட்டார். "லைட்டு எரிஞ்சிட்டே இருக்கும்மா. அணைச்சா என்னவோ போயிடுமோன்னு கை வைக்கப் பயமா இருக்கு." யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சரியாகத்தான் பயந்திருக்கிறார். நீ டிரம்பெட்டில் ஊதியதைப் பிடித்துவைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி அது. சேமிக்காமல் கரண்டை எடுத்தால் உள்ளே இருப்பது போய்விடும். சேமிக்க ஒரு பொத்தானை இரண்டு விநாடி அழுத்த வேண்டும். இரண்டே விநாடி. மூன்று வருடம் சொன்னேன்.

"ஹோபே, ஹோபே" என்பாய். ஆகும், ஆகும். உனக்குத் தெரிந்த வங்காளிச் சொற்களிலேயே எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது அதுதான்.

இன்று மத்தியானம் டாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தேன். அறைக்குள் டிரம்பெட்டுக்குப் போடும் வால்வு எண்ணெயின் வாசனை. டிரம்பெட் தலையணை மேல். பிளக் போர்டை உன் அம்மா பழைய புடவைத் துணியால் சுற்றி வைத்திருந்தார், யார் காலும் இடறாமல் இருக்க. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனதாம். இன்வெர்ட்டர் காப்பாற்றியிருக்கிறது. நீ காப்பாற்றவில்லை.

இந்த அறையில்தான் சண்டை போட்டோம். நீ ஊதுவாய். நான் அதை லேப்டாப்பில் கிழித்து, இழுத்து, வேறொரு ஒலியாக்குவேன். பெடலை எப்போதும் அரை விநாடி தாமதமாகத்தான் மிதிப்பாய். டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் கால். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒலியில்லாத ஒரு பள்ளம். உன்னிடம் சொல்லாமல் பதிவுகளில் அதை வெட்டிவிடுவேன்.

அலிப்பூரில் நாம் வாசித்த கச்சேரியின் பதிவைக் கேட்டுவிட்டு ஒருநாள் என்னைப் பார்த்தாய்.

"என் கால் எப்பலேர்ந்து இவ்ளோ ஒழுங்காச்சு? கை வெச்சியா?"

இல்லை என்றேன்.

"பொய். பரவால்ல. ஆனா நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லிடணும். அதுல மட்டும் பொய் வேணாம்."

டிசம்பரில் வாசிக்க இருந்த நீளமான இசைத் துண்டுக்குத் தொடக்கம் தேடி இரண்டு மாதம் வீணாக்கினோம். காய்ச்சலோடு படுத்திருந்த அன்று காலை போன் செய்தாய். "கிடைச்சிடுச்சு. பெடல்ல இருக்கு. வந்து கேளு." டாலிகஞ்சில் எனக்கு வகுப்பு இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்றேன். சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

ஆகவே இன்று பெடலிலிருந்து லேப்டாப்புக்கு ஒயரைச் செருகினேன். லேப்டாப்பைப் பதிவு செய்ய வைத்தேன். பெடலை மிதித்தேன்.

ஒரே ஒரு நீளச் சுரம். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. டிரம்பெட்டின் குழாயில் தேங்கிய தண்ணீர் கொரகொரத்தது. அதை வெளியேற்றிவிட்டு ஊதியிருக்கலாம். நாற்பது விநாடி. பள்ளம். மறுபடியும் அதே சுரம்.

இதற்கா? ஒரு மனுஷி பதினோரு நாள் அந்த மூலையைப் பெருக்காமல் இருந்தது இதற்கா? என்ன கிடைத்தது உனக்கு? எதன் மேல் எதை அடுக்க நினைத்தாய்? ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா?

உன் அம்மா வாசலில் நின்று கேட்டார். "நல்லா வந்திருக்காம்மா?"

இன்னும் இரண்டு சுற்று கேட்டுவிட்டுச் சொன்னேன்.

"நல்லா இல்ல ஆன்ட்டி."

அவர் முகம் மாறவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று சாப்பிட வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாராம். இதோ வரேன் என்றாயாம்.

"மூச்சே இல்ல அவன்கிட்ட அன்னைக்கு," என்றார். "எப்படி இவ்ளோ நேரம் ஊதினான்?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

"இன்னொரு தடவை போடும்மா."

போட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்தது. சுரம், தண்ணீர், பள்ளம். பழக்கத்தில் லேப்டாப்பில் என் விரல் அந்தப் பள்ளத்தை வெட்டப் போயிருந்தது. விரலை எடுத்துவிட்டேன். அரை விநாடி. அதற்குள் நீ மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாய். இனி எங்கே வாசித்தாலும் அந்த அரை விநாடி நான் காத்திருப்பேன். வேண்டுமென்றே அல்ல. வேறு மாதிரி தாளம் எண்ண எனக்கு வராது.

பெடலின் பொத்தானை இரண்டு விநாடி அழுத்தினேன். லேப்டாப்பில் பதிவை நிறுத்தியதும் கோப்புக்குப் பெயர் கேட்டது. 'நல்லா இல்ல' என்று அடித்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். உன் அம்மா சாதம் போட்டிருந்தார். கை கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.