எதை முதலில் எடுப்பது

மே 6
சேர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்; ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஒன்று போய்விட்டது. எப்போது போனதோ தெரியாது. எச்சரிக்கை விளக்கின் மேல் ஆரோ மடு மாதா படம் ஒட்டியிருக்கிறார்கள், சேர்வரைக் காப்பாற்றவாம்! முஸ்லிம் நான் உரித்தால் ஊர் கதைக்கும். கந்தோரில் கூட வேலை செய்யும் ஜெஸ்லியாவைக் கூப்பிட்டேன். "கோவிக்காதேங்கோ மாதாவே" என்று படத்தை முத்தமிட்டுவிட்டு உரித்தாள்.

மே 7
காணாமல்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் எங்கள் நிறுவனத்துக்குக் கதைத்த குரல் பதிவெல்லாம் இப்போது அந்த ஒற்றை டிஸ்க்கில். வெளியே நகல் வைக்க ஒரு டிஸ்க் கேட்டு எத்தனை தரம் பல்லிளித்தேன்? "அடுத்த வருசம் பாப்பம் றிபாத்." பணிப்பாளர் அமிர்தநாயகம் சேர்தான். இப்ப மட்டும் உடனே ரெண்டு வாங்கட்டாம்.

மே 9
டிஸ்க்குகள் கொழும்பு பஸ்ஸில் வந்தன. கொண்டக்டர் வெறும் மீன்பெட்டிக்குள் வைத்திருக்கிறான், பாவி. நல்ல காலம், உறை நனையவில்லை. ஒன்றை மாட்டினேன். பழையதில் இருந்து நகலாகத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

மே 10
பாதியில் நின்றுவிட்டது. மிஞ்சின டிஸ்க்கும் வாசிக்கத் திணறுது. டிக், டிக் என்று சத்தம் வேற.

இனி ஒரே வழி. சேர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல் ஓடும் இரண்டு வேர்ச்சுவல் மெஷினையும் ஒவ்வொன்றாக மற்றப் புது டிஸ்க்குக்கு எடுக்கவேணும். ஒன்றில் திட்ட அறிக்கைகள். மற்றதில் குரல்கள். இரண்டாவதை எடுக்குமட்டும் இது தாங்குமா?

"முதல் அறிக்கை. வாற கிழமை காசு தாற வெளிநாட்டுக்காரர் வருகினம்," என்றார் சேர்.

ஓம் என்றேன். கதவைச் சாத்தினேன். அறிக்கையைத் திருப்பி எழுதலாம். பதிவு தந்த தாய்மாரில் புஸ்பம் அக்கா போன மாதம் செத்துப்போனா. அவ திருப்பி வந்து கதைப்பாவா?

குரலைத்தான் முதலில் எடுக்கிறேன்.

மே 11
குரல்கள் வந்துவிட்டன. அறிக்கையில் கை வைத்தேன், டிஸ்க் செத்தது.

மே 12
சேரிடம் சொன்னேன். "உன்னை ஆர் யோசிக்கச் சொன்னது?" கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்தினார். பயந்துதான் நின்றேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

மே 17
சேர் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எல்லோருமாக அறிக்கைகளைத் திருப்பி எழுதுகிறோம்.

இன்று புஸ்பம் அக்காவின் புருசன் சிங்கராசா அண்ணன் வந்தார். "அவளின்ர குரலை ஒருக்காக் கேக்கலாமோ தம்பி?" ஸ்பீக்கரில் போட்டேன். மகனைக் கொண்டுபோன நாளைச் சொல்லிக்கொண்டு வந்தவ, இருமத் தொடங்கினா. இருமல் நிற்கவில்லை.

அண்ணன் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கோ."