திரையின் மூலையில் வந்த படம்

ஜூலை 3, புதன்
கூடலூர் முழுக்கச் சாரல். மழை வந்தால் நெட் போய்விடுகிறது. பேத்தி கயலுக்குப் பறவை வீடியோ பாதியில் நின்றால் அழுகை வந்துவிடும். வீடியோவை இறக்கி வைத்துத் தரும் ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைத்தது, பிரவுசரில் சேர்த்துவிட்டேன். ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தேன். இருவாச்சி வீடியோ ஒன்று இறங்கியது. பேத்தி கைதட்டினாள். ரிட்டையர் ஆன பிறகு நான் உருப்படியாகச் செய்த வேலை இது.

ஜூலை 8, திங்கள்
எதைத் தேடினாலும் வேறொரு பக்கம் திறக்கிறது. தொப்பை குறைய மருந்து, ரம்மி, வழுக்கைக்கு எண்ணெய். ஒன்றை மூடினால் இரண்டு வருகிறது.

ஜூலை 11, வியாழன்
எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் கயல் என் மடியில் இருந்தாள். கிளி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் ஒரு படம் எழும்பியது. என்ன படம் என்று இங்கே எழுத மாட்டேன். மூடும் குறியைத் தேடுகிறேன், அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து மருமகள் அனுஷ்கா டீயோடு உள்ளே வந்தாள்.

"தாத்தா, இந்த அக்கா யாரு?" என்று கயல் கேட்டாள்.

அனுஷ்கா டீயை ஜன்னலில் வைத்தாள். "கயல், வா. ஹோம்வொர்க் இருக்கு."

"ஆத்தா, இது தானா வருது, நான் ஒண்ணும்—"

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி
கயல் அறைப் பக்கம் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு
பெங்களூரிலிருந்து மகன் தமிழ்மாறன் போனில் பேசினான். எல்லா நலமும் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பா, லேப்டாப்ல என்ன பாக்குறீக?" என்றான்.

பறவை வீடியோ என்றேன். விளம்பரம் தானாக வருகிறது என்றேன்.

"கண்டதைத் தொட்டாத்தாம்ப்பா அது வரும். சரி, விடுங்க. நானும் எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் சொல்ல வேணாம்."

மன்னித்துவிட்டான். நான் செய்யாத ஒன்றுக்கு என் மகன் என்னை மன்னித்துவிட்டான். என் வீட்டுக்காரி பொன்னாத்தா உயிரோடு இருந்திருந்தால் அவளை விட்டாவது சொல்லச் சொல்லியிருப்பேன். வீட்டில் ஒரு கிழவன், ஒரு மருமகள், ஒரு குழந்தை. இதை நான் எந்த வாயால் பேச?

ஜூலை 16, செவ்வாய்
அந்த எக்ஸ்டென்ஷனை நானே நீக்கப் பார்த்தேன். நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கிறது, அமுங்கவே இல்லை. 'உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி. எந்த நிறுவனம்? நெடுஞ்சாலைத் துறையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன். அப்படியே இருக்கு. அந்தப் படமும் வருது. எவன்டா நீ, என் வீட்டுக்குள்ள?

ஜூலை 18, வியாழன்
லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கம்பம் போனேன். கம்ப்யூட்டர் சரிபார்க்கும் கிங்ஸ்லி கடை. முன்னால் நின்ற ஆள் போகட்டும் என்று வெளியே காத்திருந்துதான் வாயைத் திறந்தேன். கிங்ஸ்லி சிரிக்கவில்லை.

"இதே மாதிரி நிறையப் பேர் கொண்டு வாராகய்யா. வீடியோ எக்ஸ்டென்ஷனோட இன்னொரு புரோகிராமும் சேந்து உள்ள வந்திருக்கு. அதான் பொத்தானை அமுங்க விடாமப் பூட்டி வச்சிருக்கு. அதை எடுக்காம இதை எடுக்க முடியாது."

முதலில் அந்தப் புரோகிராமை எடுத்தான். பிறகு அது போட்டிருந்த பூட்டு. அப்புறம் எக்ஸ்டென்ஷன். கடைசியாக, அறிவிப்பு அனுப்ப நான் அனுமதி கொடுத்திருந்த தளங்களைக் காட்டினான். வாயில் நுழையாத பெயர்கள். அந்தப் படம் அங்கிருந்துதான் வந்ததாம். எல்லாவற்றையும் நீக்கினான்.

"தம்பி, இதை என் மருமககிட்ட போன்ல சொல்ல முடியுமா?"

"நம்பர் சொல்லுங்கய்யா."

சொல்லவில்லை. கடைக்காரனை விட்டுப் பேச வைக்கிறார் என்றுதானே அவளுக்குத் தோன்றும்? வேண்டாம் தம்பி என்று வந்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி
அனுஷ்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "லேப்டாப் சரியாயிருச்சு ஆத்தா. கூடவே வந்த ஒரு புரோகிராம் செஞ்ச வேலை. எடுத்தாச்சு" என்றேன்.

"சரி மாமா."

கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்றால் சொல்வாளே, அதே 'சரி மாமா'. அவள் மேல் என்ன குற்றம்? பெண் குழந்தை வைத்திருப்பவள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு
லேப்டாப்பை ஹாலில், போகிற வருகிறவர்கள் கண்ணில் திரை படும்படி, வாசலைப் பார்க்க வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
தமிழ்மாறன் வந்திருக்கிறான். கம்பத்தில், அனுஷ்கா வேலை பார்க்கும், கயல் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருக்கிறார்களாம். "கயலுக்குத் தினமும் வேன் அலைச்சல்ப்பா. உங்களுக்கும் தொந்தரவு இருக்காதுல்ல?"

நல்லதுதான் என்றேன்.

ஆகஸ்ட் 11
சாமான் போயாச்சு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு
அனுஷ்கா கம்பத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள், போய் வந்தேன். கோழிக் குழம்பு. நல்ல வீடு, காற்று வருகிறது. கயல் ஓடி வந்து என் பக்கத்தில் உட்காரப் போனாள். அனுஷ்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாமா" என்று எனக்கு இரண்டு தடவை பரிமாறினாள்.